அண்ணன் கொடுத்த இரண்டு ஐ.பி.

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குள் ‘ள’வும் ‘ழ’வும் என்னிடம் தனித்தனியாக வந்து சேரவில்லை. இப்போதும் ‘கருங்குழி’ என்று எழுத நினைத்தால் கை ‘கருங்குளி’ என்று எழுதிவிட்டு நிற்கிறது. பிழைகளைத் திருத்தித் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அவர் கண்ணுக்கும் தப்பியது இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேச்சும் எனக்கு எழுத்து மாதிரிதான். நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் குப்பத்தில் ஆண்பிள்ளை என்றால் கடலுக்குப் போக வேண்டும். எனக்கோ கட்டுமரம் ஓர் அலையைத் தாண்டுவதற்குள் குடல் புரண்டுவிடும். அதனால் தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் மாமல்லபுரத்தில் ஓர் எஸ்.டி.டி. பூத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே நான் பேச வேண்டியதில்லை. பேசுகிறவர்கள் கண்ணாடி அறைக்குள் நின்று பேசுவார்கள். நான் வெளியே உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கென்றே செய்து வைத்த வேலை மாதிரி இருந்தது.

பூத்தின் சொந்தக்காரரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பூர்வீகம் செங்கல்பட்டு. வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் தெருவில் கீழே கடை, மேல்மாடியில் அவர் குடும்பம். டிரங்கால் காலத்திலிருந்து போன் பேசிப் பழகியவர் என்பதால் ரிசீவரைக் கையில் எடுத்தாலே கத்துவார். எதிர்முனை டெல்லியாக இருந்தாலும் சரி, திருக்கழுக்குன்றமாக இருந்தாலும் சரி, ஒரே சத்தம்தான். அந்தச் சத்தம்தான் பின்னால் வினையாகிப் போனது.

செல்போன் வந்த பிறகு பூத்தில் கூட்டம் இல்லை. அண்ணன் ஒரு கண்ணாடி அறையை மட்டும் விட்டுவிட்டு, மற்றதை எடுத்துப்போட்டு, நாலு கம்ப்யூட்டர் வாங்கி பிரவுசிங் சென்டர் ஆக்கினார். நான் பெருக்குவேன், மிஷின்களைத் துடைப்பேன், கரண்ட் போனால் யு.பி.எஸ். கத்துவதை நிறுத்துவேன். சுனாமிக்கு அடுத்த வருடம் கடையில் கூட்டம் நெரிந்தது. உதவி செய்ய வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் மாலையானால் உள்ளே உட்கார இடமில்லாமல் வாசலில் நிற்பார்கள். அவர்களுக்குத் தங்கள் வீட்டோடு பேச வேண்டும். நெட் வழியாகப் பேசினால் செலவு குறைவு என்று கேள்விப்பட்டு, அண்ணன் சென்னையில் ஒரு நெட்போன் கம்பெனியிடம் ஏற்பாடு செய்தார். மூன்றாம் நம்பர் மிஷினில் ஒரு ஹெட்போன் வந்து சேர்ந்தது.

அந்தக் கம்பெனிக்காரர்கள் எங்கள் கடையிலிருந்து வரும் அழைப்பை உள்ளே விடுவதற்கு, எங்கள் இணைப்பின் எண்ணை அவர்களிடம் சொல்லி வைக்க வேண்டுமாம். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது, அண்ணன் போனில் கத்தியதில் என் காதில் விழுந்தது மட்டும்தான்.

“ஐ.பி. தானே சார்? காலையிலயே குட்த்துட்டேனே!” என்றார். எதிர்முனை ஏதோ சொன்னது. “ஓ, அது லோக்கலா? லோக்கல்ல குட்த்தது செல்லாதா?” மறுபடி கேட்டுக்கொண்டார். “பப்ளிக்காவும் குடுக்கணுமா? சரி சார், குட்த்துடறேன். இதுல மறைக்க இன்னா கீது?”

பக்கத்து டீக்கடைக்காரர் அந்த நேரம் பார்த்து டீ கிளாஸோடு வாசலில் நின்றிருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாத்த என்று கூப்பிடுவோம். அவர் டீயை என் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் ஐ.பி. கொடுப்பது என்றால் அப்போது ஒரே அர்த்தம்தான். கடனைக் கட்ட முடியாதவர் செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் போய், இனி என்னிடம் ஒன்றும் இல்லை என்று மனுப் போடுவது. மஞ்சக் கடுதாசி என்றும் சொல்வார்கள். எங்கள் குப்பத்தில் சீட்டு நடத்திய ஒருவர் அப்படி ஐ.பி. கொடுத்தார். அவர் வீட்டு வாசலில் பெண்கள் மண்ணை வாரித் தூற்றியதை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகும் அவர் ரொம்ப வருடம் உயிரோடு இருந்தார். ஆனால் அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ‘ஐ.பி. குட்த்தவன்’ என்பார்கள். அவருடைய மகளைப் பெண் கேட்டு வெளியூரிலிருந்து யாரும் வரவில்லை.

அண்ணனுக்கும் ஒரே மகள்.

அண்ணன் ஒரு நாளோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. தெருவில் கரண்ட் போய் வந்த ஒவ்வொரு முறையும் போனை எடுத்தார். “சார், நேத்து குட்த்த ஐ.பி. செத்துப்போச்சு. இன்னிக்கு புதுசா ஒண்ணு குடுக்கறேன், எழுதிக்குங்க!”

அண்ணாத்த என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “இன்னா மச்சான் இது? ஒரு மனுஷன் ஒரு தபா ஐ.பி. குடுப்பான், பாத்துகீறேன். உங்க ஆளு டெய்லி குடுத்துகினு கீறாரே. எத்தினி கடன்யா வாங்கி வச்சிகீறாரு?”

எனக்கும் தெரியவில்லை. அண்ணன் எப்போதும் போல இட்லி சாப்பிட்டார், எப்போதும் போல சிரித்தார். இவ்வளவு பெரிய பாரத்தை மனதில் வைத்துக்கொண்டு எப்படிச் சிரிக்கிறார் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பாப்பாவுக்கு வரன் வந்தது. அண்ணன் மகளை நான் சின்ன வயதிலிருந்து பாப்பா என்றே கூப்பிடுவேன். அவள் என்னைச் சித்தப்பா என்பாள். கம்ப்யூட்டர் படித்துவிட்டு செங்கல்பட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். விடுமுறை நாளில் எங்கள் கடை மிஷின்களை அவள்தான் பார்த்துக்கொள்வாள். மாப்பிள்ளைக்குக் கருங்குழி. வேலை சிறுசேரியில், சாப்ட்வேர் கம்பெனியில். பெண் பார்க்க வந்த அன்று இரண்டு பேரையும் கீழே கடையில் கொஞ்ச நேரம் தனியாகப் பேசவிட்டார்கள். கடையைச் சாத்தி வைத்திருந்தோம். நான் படியில் உட்கார்ந்திருந்தேன். என்ன பேசினார்கள் என்று தெரியாது. அவர்கள் போன பிறகு பாப்பா ஒரு துணியை எடுத்து மூன்றாம் நம்பர் மிஷினைத் துடைத்தாள். காலையில்தான் நான் அதைத் துடைத்து வைத்திருந்தேன். இவளுக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பெண்ணைப் பார்ப்பது வீட்டில். குடும்பத்தைப் பார்ப்பது டீக்கடையில். எங்கள் பக்கத்து வழக்கம் அது. பெண் பார்த்துவிட்டுப் போனபின் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவர் சத்தமில்லாமல் வந்து அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். இங்கே வந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். பெண் பார்க்க வந்தபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அதே ஆள், இப்போது சிற்பம் பார்க்க வந்தவர் போலத் தலையில் ஓலைத் தொப்பி ஒன்றை வைத்துக்கொண்டு அண்ணாத்தயின் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார். எனக்கு அவரை அடையாளம் தெரிந்தது. தெரியாதது போல வாசலைப் பெருக்கினேன். அண்ணாத்த அவர் காதோரம் குனிந்து பேசியதையும், தொப்பி மெல்ல என் பக்கம் திரும்பியதையும் பார்த்தேன்.

அவர் எழுந்து வந்தார். “இன்னாப்பா, கடை எப்டி போவுது? முதலாளி நல்லா கீறாரா?”

நல்லா இருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்குச் சீட்டுக்காரர் வீட்டு வாசலும், அந்த மண்ணும், அவர் மகள் கதவிடுக்கில் நின்றதும்தான் கண்முன் வந்தன. நாக்கு ஒட்டிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

“அட, அழுவாதப்பா. உனக்கு சம்பளம் பாக்கி கீதா?”

இல்லை என்று தலையாட்டினேன். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ, என் தோளைத் தட்டினார். “வேற எடம் பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார்.

அதற்குப் பிறகு கருங்குழியிலிருந்து பேச்சே இல்லை. அண்ணன் இரண்டு முறை போன் செய்தார். பிறகு தரகர் மூலமாக, ஜாதகத்தை இன்னோர் இடத்தில் காட்டினோம், சரியாக வரவில்லை என்று தகவல் வந்தது. “பொருத்தம் பாத்துட்டுத்தானே பொண்ணு பாக்க வந்தாங்க?” என்று அண்ணன் யாரிடம் என்றில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணி மாடியிலிருந்து கீழே இறங்கவே இல்லை. பாப்பா வேலைக்குப் போனாள், வந்தாள். சனிக்கிழமை கடைக்கு வந்து, ஒழுங்காக இருந்த ஒயர்களை எல்லாம் பிடுங்கி மறுபடி மாட்டிக்கொண்டிருந்தாள்.

கடையில் வேறு யாரும் இல்லை. பார்க்கப் பொறுக்கவில்லை. நான் அவளிடம் முழுதாகப் பேசிய முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

“பாப்பா, அண்ணன் ஐ.பி. குட்த்துட்டாருன்னு மனசு வுட்டுடாத. எனக்கு சம்பளம் வேணாம். கடை நிமிர்ற வரைக்கும் நான் சும்மாவே இருக்கேன்.”

அவள் மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினாள். “எந்த ஐ.பி. சித்தப்பா? லோக்கலா, பப்ளிக்கா?”

“ரெண்டுந்தான் குட்த்துட்டாரே.”

“குட்த்தா இன்னா? நான்தான் குடுக்கச் சொன்னேன்.”

பெற்ற மகளே அப்பனை ஐ.பி. கொடுக்கச் சொல்வாளா? என் முகத்தை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “மஞ்சக் கடுதாசின்னு நெனைச்சிங்களா? ஐயோ சித்தப்பா!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது.

“இதை வேற யாரு கேட்டாங்க?”

அண்ணாத்தயைப் பற்றிச் சொன்னேன். தொப்பிக்காரரைப் பற்றியும் சொன்னேன். நான் அழுததையும் சொன்னேன். அவள் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபிப்பாள் என்று நினைத்தேன். அவள் மூன்றாம் நம்பர் மிஷினைத் தன் பக்கம் திருப்பி, “இங்க வாங்க, காட்றேன்” என்றாள்.

திரையில் கறுப்பாக ஒரு சதுரம் வந்தது. அதில் ஏதோ தட்டினாள். வெள்ளை எழுத்துகள் ஓடி நின்றன. நடுவில் ஒரு எண். எண்கள் எனக்கு நன்றாகப் படிக்க வரும், மீட்டர் பார்த்தவன்தானே. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்று அறுபத்தெட்டு, ஒன்று, மூன்று. “இது இந்த மிஷினோட ஐ.பி. லோக்கல். நம்ம கடைக்குள்ள மட்டும்தான் செல்லும்” என்றாள். அடுத்த மிஷினில் தட்டிக் காட்டினாள். எல்லாம் அதே எண், கடைசியில் மட்டும் மூன்றுக்குப் பதில் நான்கு. “இதே நம்பரு செங்கல்பட்டுல எங்க சென்டர்லயும் கீது, ஊர்ல பாதி பேரு வூட்லயும் கீது. வெளியில சொன்னா யாருக்கும் புரியாது. அதைத்தான் அப்பா முதல்ல கம்பெனிக்காரன்கிட்ட குட்த்தாரு.”

எனக்கு அது உடனே புரிந்தது. எங்கள் குப்பத்தில் கிணற்றை ஒட்டி ‘கிணத்தாண்ட வூடு’ என்று ஒரு வீடு உண்டு. பக்கத்துக் குப்பத்திலும் ஒரு கிணத்தாண்ட வூடு உண்டு. கடற்கரை ஓரம் அப்படியே நடந்து போனால் ஒவ்வொரு குப்பத்திலும் ஒன்று இருக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு அது போதும். ஆனால் கடிதத்தில் ‘கிணத்தாண்ட வூடு’ என்று மட்டும் எழுதிப் போட்டால் எந்த ஊருக்குப் போகும்? தபால்காரர் எங்கள் குப்பத்துக்குள் வீடு வீடாக வர மாட்டார். குப்பத்தின் பெயருக்கு வந்ததை எல்லாம் வலை பின்னும் கொட்டகையில் கொடுத்துவிட்டுப் போவார். அங்கிருந்து, இது கிணத்தாண்ட வூட்டுக்கு, இது பனைமரத்து வூட்டுக்கு என்று பிரித்துக்கொள்வோம்.

“அதேதான்! கொட்டகைதான் அந்த மோடம்” என்று பாப்பா பச்சை விளக்குகள் சிமிட்டும் பெட்டியைக் காட்டினாள்.

வெளி எண்ணைப் பார்க்க அவள் வேறு ஒன்று செய்தாள். ஒரு பக்கத்தைத் திறந்தாள். அது வேறு ஒன்றும் செய்யாது, ‘உன் முகவரி இது’ என்று பெரிய எழுத்தில் காட்டும். அந்த எண் ஐம்பத்தொன்பதில் ஆரம்பித்தது. கரண்ட் போய் வந்தால் மாறிவிடுமாம், டெலிபோன் ஆபீஸ் வேறொன்றைக் கொடுக்குமாம். அதனால்தான் அண்ணன் தினமும் புதிதாகக் கொடுத்தார்.

“நம்ம நம்பரை நாமளே பாத்துக்க முடியாதா? அதுக்கு வெளிய போயி கேக்கணுமா?” என்று கேட்டேன்.

“இந்த மிஷினுக்கு உள்ள நம்பரு மட்டும்தான் தெரியும் சித்தப்பா. வெளியில நாம எப்டித் தெரியறோம்னு வெளிய கீறவங்களைக் கேட்டாத்தான் சொல்லுவாங்க.”

அவள் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் சொன்னாள். ஆனால் நான் ரொம்ப நாள் அதை நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் உள்ளே இட்லி சாப்பிட்டுக்கொண்டு நல்லபடியாக இருந்தார். வெளியே தெரு முழுக்க அவருக்கு வேறொரு பெயர் ஓடிக்கொண்டிருந்தது. அவராக அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. நான்கூட அடக்கமான ஆள் என்றுதான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன். தெருவில் எனக்கு ‘ஊமையன்’ என்று பெயர் இருந்ததை அண்ணாத்தயிடம் கேட்டபோதுதான் தெரிந்துகொண்டேன்.

விஷயம் தெரிந்ததும் அண்ணன் முதலில் கடை அதிரச் சிரித்தார். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “நான் போக மாட்டேன். நான் போயி ‘ஐ.பி. குடுக்கல’ன்னு சொன்னா, குட்த்தவன்தான் அப்டி சொல்லுவான்னு நெனைப்பாங்க.” அவர் சொன்னது சரிதான். சீட்டுக்காரரும் கடைசி வரை அதையேதான் சொன்னார்.

அண்ணி, கல்யாணம் கூடிவரத் திருவிடந்தைக்குப் போய்ப் பெருமாளுக்கு மாலை சாத்திவிட்டு வரலாம் என்றார். “பெருமாளுக்கு மட்டும் ஐ.பி.ன்னா இன்னான்னு தெரியுமாம்மா?” என்றாள் பாப்பா. மாப்பிள்ளைக்கு ஒரு மெயில் போடேன் என்று அண்ணன் கெஞ்சினார். “அவருக்கு என் மெயில் ஐ.டி. தெரியும். நான் ஏன் போடணும்? ஜாதகம்னு சொன்னாங்களே, அது நெசமான்னு அவரு கேட்டிருக்கலாமில்ல?” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அன்று மாலை அண்ணாத்தயிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் பால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஒரு பொண்ணு வாழ்க்கையில மண்ண அள்ளிப் போட்டுகீறேனே மச்சான்! வா, ஞாயித்துக்கிழமை நாம ரெண்டு பேரும் போவோம். நீ சும்மா நில்லு. நான் பேசிக்கறேன்.”

அப்படித்தான் போனோம். செங்கல்பட்டில் பஸ் மாறி, பாலாற்றுப் பாலம் தாண்டி, கருங்குழியில் இறங்கும்வரை அண்ணாத்த என்ன பேசப்போகிறார் என்பதைப் பேசிக்கொண்டே வந்தார். முன்சீட்டில் இருந்த அம்மாள், “தாலி கட்ற வரைக்கும் பேசிட்டுத்தான் எறங்குவாரு போலகீதே” என்றாள். அந்த வீட்டுக்குள் நுழைந்து தாய்மாமனைப் பார்த்ததும் அண்ணாத்தக்குப் பேச்சு நின்றுவிட்டது. கொடுத்த தண்ணீர்ச் சொம்பை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. மாப்பிள்ளையின் அம்மா கதவருகே நின்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“அண்ணன் ஐ.பி. குட்த்தது நெசந்தாங்க” என்று ஆரம்பித்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா தன் தம்பியைப் பார்த்தார். நான் சொன்னேனே என்பது போல மாமன் தலையசைத்தார்.

“ஆனா அது கோர்ட்டு ஐ.பி. இல்லீங்க. கம்ப்யூட்டர் ஐ.பி. உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு, ரெண்டு கீது.”

“ரெண்டு கணக்கு வேற வச்சிகீறாரா?” என்றார் மாமன்.

“கணக்கு இல்லீங்க, அட்ரஸு. உள்ள கீற அட்ரஸு அப்டியே இருக்கும். வெளிய கீறது மாறிகினே இருக்கும். அதான் தெனம் தெனம் குடுக்கறாரு.”

“அட்ரஸ மாத்திகினே கீற ஆளு வூட்ல பொண்ணு எடுக்கச் சொல்றியா?”

நான் பேசப் பேசக் குழி ஆழமாகிக்கொண்டே போனது. அண்ணாத்த சொம்பைக் கீழே வைக்கவில்லை. வேறு வழி தெரியாமல் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். “நூத்தித் தொண்ணூத்திரெண்டு, நூத்தி அறுபத்தெட்டு, ஒண்ணு, மூணு.”

உள் அறையில் யாரோ எதையோ கீழே போட்ட சத்தம் கேட்டது. ஒரு கன்னத்தில் ஷேவிங் நுரையோடு மாப்பிள்ளை வெளியே வந்தார். “மாமா, யாரு ஐ.பி. குட்த்ததா சொன்னீங்க? எதுக்காக வேணாம்னீங்க?” என்றார். விஷயத்தைக் கேட்டதும் சுவரில் சாய்ந்து சிரித்தார். “அது எல்லார் வூட்டு கம்ப்யூட்டர்லயும் கீற நம்பரு மாமா.”

“எல்லார் வூட்லயும் இருந்தா அது இன்னாடா அட்ரஸு?” என்று மாமன் விடவில்லை. கேள்வி நியாயமானதுதான். அவருக்கு எங்கள் கிணத்தாண்ட வூட்டையும் கொட்டகையையும் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் முகம் இளகவில்லை. கொஞ்சம் முன்னால் சாய்ந்து என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

“எல்லாம் சரி. அன்னிக்கு நீ ஏன்யா அழுத?”

“எனக்கும் அப்போ தெரியாதுங்க. நானும் கோர்ட்டுன்னுதான் நெனைச்சேன்” என்றேன்.

மாமனின் தொப்பை குலுங்கத் தொடங்கியது. சிரித்துக்கொண்டே எழுந்து உள்ளே பார்த்து, “அக்கா, காபி போடு” என்றார். அண்ணாத்த சொம்பைக் கீழே வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தனியாக மாமல்லபுரத்துக்கு வந்தார். அண்ணன் அவரை உட்காரவைத்து ஜூஸ் வாங்கி வரச் சொன்னார். எல்லாம் முடிந்தது என்ற சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. பாப்பா கீழே இறங்கி வந்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

“உங்க வூட்ல வேணாம்னப்போ நீங்க ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல?”

“வீட்ல ஜாதகம்னு சொன்னாங்க.”

“சொன்னதும் சரின்னுட்டீங்களா?”

அவர் கிளாஸைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். சமாளிப்பார் என்று நினைத்தேன். “ஆமா. சரின்னுட்டேன்” என்றார்.

“நாளைக்கு வேற யாராவது வேற ஏதாவது சொன்னா?”

அவர் கிளாஸை மேசையில் வைத்தார். அண்ணன் அவசரமாகக் குறுக்கே வந்து, “விடும்மா, சின்ன விஷயம்” என்றார். “சின்ன விஷயம் இல்லப்பா” என்றாள் பாப்பா. மாப்பிள்ளையைப் பார்த்து, “நான் யோசிச்சுச் சொல்றேன்” என்றாள். அவர் தலையாட்டினார். போகும்போது, “மெயில் போடலாமா?” என்று கேட்டார். “போடுங்க” என்றாள்.

அண்ணன் இடிந்து போனார். இத்தனை தூரம் போய், கெட்டுப்போன பேரைச் சரி பண்ணிக்கொண்டு வந்தால், பெண் இப்படிச் சொல்கிறாளே என்று என்னிடம் புலம்பினார். அவள் கேட்டது சரி என்றுதான் எனக்குத் தோன்றியது. கருங்குழியில் நாங்கள் துடைத்துவிட்டு வந்தது அண்ணன் பேரை. அவள் கேட்டது வேறு. அதற்கு மாப்பிள்ளைதான் பதில் கொண்டுவர வேண்டும்.

அதன் பிறகு பாப்பா வேலைவிட்டு வந்ததும் கைப்பையைக்கூட மாடிக்குக் கொண்டுபோகாமல் கடையில் உட்கார்ந்து மெயில் பார்ப்பாள். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. வந்தாலும் படித்திருக்க மாட்டேன். நான் பார்த்ததெல்லாம் அவள் முதுகை மட்டும்தான். முதல் சில நாட்கள் அது கட்டை மாதிரி நிமிர்ந்து இருந்தது. ஒரு வரி தட்டிவிட்டு எழுந்து போய்விடுவாள். பிறகு கொஞ்சம் அதிகமாகத் தட்டினாள். ஒரு நாள் கோபமாகத் தட்டினாள், விசைப்பலகை உடைந்துவிடும் என்று நினைத்தேன். அதற்கு அடுத்து வந்த பதிலை ரொம்ப நேரம் படித்தாள். ஐப்பசி மழை தொடங்கியிருந்த நேரம். ஒரு சாயங்காலம் அவள் தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணன் பக்கத்திலேயே கல்லாவில் உட்கார்ந்து வாடிக்கையாளர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் சொல்லவில்லை. அது அவள் சொல்ல வேண்டியது.

இரண்டு நாள் கழித்துச் சொன்னாள். கடையில் யாரும் இல்லாத நேரம். “அப்பா, கருங்குழிக்கு சரின்னு சொல்லிடுங்க” என்றாள். அண்ணன் கல்லாவிலிருந்து எழுந்தார். மிச்சமிருந்த அந்த ஒரு கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ரிசீவரைக் கையில் எடுக்காமல், சுவரைப் பார்த்து நின்றார். அவர் கண்ணைத் துடைப்பதை நாங்கள் பார்க்காத மாதிரி இருந்தோம்.

நான் எல்லோருக்கும் டீ வாங்கப் போனேன். அண்ணாத்த என் முகத்தைப் பார்த்ததும் கிளாஸைக் கழுவுவதை நிறுத்தினார்.

“இன்னா மச்சான், பாப்பா இன்னா சொல்லிச்சி?”

“கல்யாணம்” என்றேன்.

மீதியைத் தெருவுக்கு அவரே சொல்லிக்கொண்டார்.

எழுதி முடித்தது: 2009ஆம் வருடம், மாசி மகத்துக்கு மறுநாள்.